ஐரின் ஆணி

சேவுகம்பட்டி
2 டிசம்பர் 2024

அன்புள்ள ஐரின் அக்காவுக்கும், அவளுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் சிஸ்டர் அல்போன்சா அவர்களுக்கும்,

சிஸ்டர், இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரே ஒரு மோசடி இருக்கிறது. படித்துவிட்டு அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அப்படியே செபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

அக்கா, நீ கன்னியர் மடத்து நொவிஷியேட்டுக்குப் பயிற்சிக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. மாடு, ஆடு, கோழி எல்லாம் சௌக்கியம். அம்மாவும் தம்பி இனிகோவும் சௌக்கியம். அப்பா பேசாமல் சௌக்கியம். மௌனம் சம்மதம் என்றால் நம் வீட்டில் தினமும் கல்யாணம்தான்.

நேற்று திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. வழக்கம்போல் கிறிஸ்மஸ் சீட்டு எடுத்தோம். அப்பா வழக்கம்போல் சட்டத்தை வாசித்தார்: "யார் பேரு வருதோ அவுகளுக்கு உன் கையால செஞ்சு குடுக்கணும். நம்ம நெலத்துல வெளைஞ்சதா இருக்கணும். கடையில வாங்கிக் குடுக்க கடைக்காரன் போதும், நீ எதுக்கு?" திண்டுக்கல்லில் பாதி வாழ்நாள் இரும்புக்கடை நடத்திய மனுசன் சொல்லும் பேச்சா இது? கடையைக் கொடுத்துவிட்டு இங்கே நிலம் வாங்கியதிலிருந்து நம் வீட்டுக்குள் கடைச் சரக்கு என்று வருவது உப்பும் தீப்பெட்டியும் என் பள்ளிக்கூட நோட்டும்தான்.

அப்புறம் என்னைப் பார்த்து, "நாலு சீட்டு எழுது" என்றார்.

போன வருசம் உன்னோடு சேர்த்து ஐந்து. அம்மா திரும்பி நின்று அடுப்பில் இருந்ததைக் கிண்டினார். அடுப்பில் இருந்தது வெறும் வெந்நீர்.

எனக்குக் கை அரித்தது. நாலு சீட்டு எழுதினேன். நாலிலும் உன் பெயரையே எழுதினேன். ஐரின், ஐரின், ஐரின், ஐரின். மடித்துக் கலயத்தில் போட்டுக் குலுக்கினேன்.

அப்பாதான் முதலில் எடுத்தார். பிரித்தார். மடித்துத் திரும்பப் போட்டுவிட்டு, "என் பேரே வருது" என்றார். தன் பெயர் வந்தால் மறுபடி எடுக்கலாம், அது சட்டம். ஆனால் கலயத்தில் அவர் பெயரே இல்லை என்று எனக்கு மட்டும்தானே தெரியும்? இரண்டாவது எடுத்தார். "மறுபடியும் என் பேரு." போட்டார். மூன்றாவது எடுத்தார். செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "யாரோ ஒரு ஆளு" என்று முனகிவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஆக, வேதத்தில் ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்ற சீடர் மாதிரி அப்பாவும் மூன்று முறை மறுதலித்துவிட்டார். சேவல் கூவ வேண்டியதுதான் பாக்கி.

இப்போது நாலு பேரும் ரகசியமாக உனக்கே செய்யப்போகிறோம். கிறிஸ்மஸ் அன்று எங்கள் முகத்தை நினைத்துப் பார்.

இப்படிக்கு,
கலயத்தில் கலகம் செய்த லிடியா


நொவிஷியேட்
7 டிசம்பர் 2024

அன்புத் தங்கை லிடியாவுக்கு,

மரியே வாழ்க. உன் கடிதத்தை சிஸ்டர் அல்போன்சா சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தேன்.

மூன்று முறை என்று எழுதியிருந்தாய். உனக்கு அது வேடிக்கை. அந்த இடத்துக்கு வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம்தான் மீதியைப் படித்தேன். அப்பா என்னைத் திட்டவாவது செய்வார் என்று ஜூன் மாதத்திலிருந்து காத்திருக்கிறேன். பஸ் ஏறிய அன்று என் பெட்டியைத் தூக்கி வந்து மேலே வைத்தார், இறங்கினார், திரும்பிப் பார்க்காமல் போனார். அது உனக்கும் தெரியும்.

அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த நிலத்துக்கு முதல் வாய்க்கால் வெட்டியது அவரும் நானும்தான். நீ அப்போது வரப்பில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாய். "இது நம்ம ரெண்டு பேரு தோட்டம்த்தா" என்பார். அதில் ஒருத்தி எழுந்து போனால் அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? அழைப்பு எனக்கு வந்தது. அவருக்கு வரவில்லை. அதைத்தான் அவருக்குச் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.

நீ செய்தது தப்பு. உண்மையைச் சொல்லி வேறு சீட்டு போடு. நான் இல்லாத வீட்டில் எனக்காக எல்லாரும் வெறுங்கையோடு நிற்க வேண்டாம்.

இங்கே எனக்குத் தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள். கத்தரிக்காய்ப் பாத்தி போடுகிறேன். மடத்து மம்பட்டி யாரோ ராட்சசனுக்காகச் செய்தது போல. பிடி நீளம், கனம் வேறு. இரண்டு கையிலும் கொப்புளம். பழகிவிடும்.

டிசம்பர் 29, திருக்குடும்பத் திருவிழா அன்று குடும்பத்தார் வந்து பார்க்கலாம். வருடத்துக்கு அந்த ஒரு நாள்தான். அம்மா வருவார், தெரியும். அப்பா வருவாரா என்று நீ அவரிடம் கேட்க வேண்டாம். உனக்குத் தெரிந்தால் மட்டும் எழுது.

அன்புடன்,
ஐரின்


சேவுகம்பட்டி
11 டிசம்பர் 2024

அக்கா,

எனக்கு வாய் நீளம் என்று அம்மா சொல்வது பொய். பேனாதான் நீளம். அந்த மூன்று முறையை நான் எழுதியிருக்கக் கூடாது. சேவல் ஜோக்கையும். மன்னித்துக்கொள்.

ஆனால் உண்மையைச் சொல்ல முடியாது. யோசித்துப் பார். நாலு சீட்டும் ஐரின்தான் என்று நான் சொன்னால், "என் பேரே வருது" என்று அப்பா சொன்னது பொய் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நான் மாட்டினால் அவரும் மாட்டுவார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு ஆடு. இதில் அவர் உழவர், நான் உளவர்.

உளவுச் செய்திகள் இதோ. அம்மா நம் மரத்து நார்த்தங்காயைச் சுருள் சுருளாக வெட்டி உப்புத் திணித்துக் காயவைக்கிறார். "யாருக்கும்மா?" என்றால், "உன் வாய்க்கு இல்ல" என்கிறார். இனிகோ வேப்பங்கொட்டையில் கம்பியைச் சுட்டு ஓட்டை போட்டு செபமாலை கோக்கிறான். ஒரு பத்தில் பதினொரு மணி இருக்கிறது. சுட்டிக்காட்டினேன். "அந்த ஒண்ணு போனஸ்" என்றான். நான் போன கோடையில் எடுத்து வைத்த இலவம்பஞ்சில் தலையணை தைக்கிறேன். பயப்படாதே, இந்தத் தலையணையில் மந்திரம் எதுவும் இல்லை. மடத்தில் அதற்கு அனுமதி இருக்காது என்று எனக்கே தெரியும்.

அப்பா எதுவும் செய்யவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். (சீட்டு சமாச்சாரம், கோபம், வருவாரா, எல்லாவற்றையும் தாண்டித்தான் வாசித்தேன். எனக்கும் மூளை உண்டு.) கொப்புளம் என்று வந்ததும் அம்மா, "அய்யோ எம்புள்ள" என்றார். அப்பா கடலையைத் தொலி இருந்த பக்கமும் தொலியைக் கடலை இருந்த பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். மறுபடி பிரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் ஓர் அதிசயம். என்னைக் கூப்பிட்டு, "கையக் காட்டு" என்றார். நகத்தில் அழுக்கு பார்க்கிறார் என்று நினைத்து நீட்டினேன். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் ஓர் ஓலையை வைத்துப் பார்த்தார். "அதுக்கு இன்னும் ஒரு விரக்கடை கூட" என்று தனக்குள் சொல்லி, ஓலையை ஒரு விரல் அகலம் தள்ளிக் கிள்ளிக்கொண்டு போய்விட்டார். வயசாகிறது போல.

லிடியா


நொவிஷியேட்
16 டிசம்பர் 2024

லிடியாவுக்கு,

இங்கே மாதத்துக்கு இரண்டு கடிதம்தான் அனுமதி, இந்த மாதத்துக்கு இதுதான் என் கடைசிக் கடிதம்.

நீ தாண்டி வாசித்ததற்கு நன்றி. கோபம் போய்விட்டது. உன் மேல் எப்போதுமே ஒரு நாளுக்கு மேல் கோபம் தங்காது.

என் மம்பட்டி அந்த ஆணியில்தான் இருக்கிறதா? கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன். எனக்குப் பத்து வயதில் அப்பா வத்தலக்குண்டுக் கொல்லரிடம் என் உயரத்துக்குச் சொல்லிச் செய்து கொடுத்தார். நான் கிளம்பும்போது அது மாட்டுக்கொட்டகையில் தொங்கியது. இங்கே வெட்டும்போதெல்லாம் நினைப்பு வருகிறது. மடத்தில் எதுவும் என்னுடையது என்று சொல்லக் கூடாது. இன்னும் அந்தப் பாடம் எனக்கு முடியவில்லை.

ஐரின்


சேவுகம்பட்டி
20 டிசம்பர் 2024

அக்கா,

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று பேனாவை மாற்றிப் பார்த்தேன். எந்தப் பேனாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேற்று வரைக்கும் உன் மம்பட்டி ஆணியில்தான் இருந்தது. நீ போன நாளிலிருந்து யாரையும் அதைத் தொடவிட மாட்டார். ஒருமுறை இனிகோ பாம்பு அடிக்க எடுத்தான். "ஏலே, வையி அத" என்று ஒரு சத்தம் போட்டார், பாம்பே பயந்து ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு அதன் இரும்பைத் துடைப்பார். வாயால் உன் பெயரைச் சொல்ல மாட்டார். "அந்தப் பிள்ள" என்பார். ஆனால் அந்தப் பிள்ளையின் மம்பட்டியில் ஒரு புள்ளி துரு இருக்காது. நீ ஒரு நாள் திரும்பி வருவாய், வந்தவுடன் எடுத்து வெட்டுவாய் என்று அவர் நினைத்திருக்கிறார். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் புரிந்துகொண்டோம்.

இன்று காலை ஆணி காலி.

சாக்கில் சுற்றி வண்டியில் வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோனதை இனிகோ பார்த்தானாம். திரும்பி வரும்போது வண்டியில் மாட்டுத் தவிடுதான் இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். "கேக்காத. கேட்டா இன்னும் ஒரு வருசத்துக்குப் பேச மாட்டாரு" என்றார். அம்மாவின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் எதுவும் வெட்டவில்லை.

பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது. எல்லாம் என் சீட்டால்தான். உன் பெயரை வாயால் சொல்லாத மனுசன் கையில் அதையே மூன்று முறை திணித்தேன். விளையாட்டு வினையாகும் என்று தமிழம்மா சொல்லும்போது நான் முன் பெஞ்சுக்காரி சடையில் துடைப்பக் குச்சி செருகிக்கொண்டிருந்தேன். கவனித்திருக்கலாம்.

29 பற்றி: தெரியவில்லை. அம்மா நேற்று, "ரெண்டு பேருக்கும் கட்டுச்சோறு கட்டவா?" என்று பொதுவாகக் காற்றிடம் கேட்டார். காற்றும் பதில் சொல்லவில்லை.

லிடியா


சேவுகம்பட்டி
28 டிசம்பர் 2024

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. படிப்பதற்கு முன்னால், இதை உன் கையில் கொடுத்த ஆளின் முகத்தை ஒருமுறை பார். பார்த்துவிட்டாயா? சரி, இப்போது படி.

நானும் இனிகோவும் வர முடியாது. பால் கறக்க ஆள் வேண்டும், ஆட்டை அவிழ்த்துவிட ஆள் வேண்டும். தன் கையே தனக்கு உதவி என்று வாழ்கிற குடும்பத்தில் எல்லாரும் ஒரே நாளில் ஊருக்குப் போக முடியாது. அதனால் நடந்ததை எழுதித் தருகிறேன். அவர் வாயால் சொல்ல மாட்டார்.

கிறிஸ்மஸ் காலையில் பூசை முடிந்து வந்து குடிலுக்கு முன்னால் உட்கார்ந்தோம். இனிகோதான் முதலில் செபமாலையை வைத்தான். "ஐரின் அக்காவுக்கு" என்றான். அம்மா நார்த்தங்காய் ஜாடியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலே, அவ பேரு எனக்கில்ல வந்துச்சு?"

"இல்லம்மா, எனக்கு. இந்தா சீட்டு."

நான் தலையணையைப் பின்னால் மறைத்தேன். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தலையணையை மறைக்க முடியாது அக்கா. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"எத்தன சீட்டுல எழுதுன?" என்றார் அம்மா.

"நாலுலயும்" என்றேன்.

அம்மா என் காதைப் பிடித்தார். பிடித்தவர் திருகவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். கணக்குப் புரிந்துவிட்டது. "அப்ப அன்னைக்கு உங்க பேரே வருதுன்னீங்களே?"

அப்பா எழுந்து கொட்டகைக்குப் போனார். ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து குடிலுக்கு முன்னால் வைத்துப் பிரித்தார்.

உன் மம்பட்டி. இரும்பைக் கொல்லரிடம் கொடுத்துக் காய்ச்சித் தட்டி வாங்கியிருக்கிறார். பிடி புதுசு. நம் கிணற்று மேட்டுக் கருவேலமரத்தில் வெட்டி, கண்ணாடிச் சில்லால் இழைத்து இழைத்து, கன்னத்தில் வைத்தால் உறுத்தாத அளவுக்கு வழவழப்பு. நான் பிடித்துப் பார்த்தேன், என் கைக்கு நிற்கவில்லை. ஒரு விரக்கடை கூட.

அப்புறம்தான் பேசினார். ஆறு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு இது, அப்படியே எழுதுகிறேன்:

"மொத தடவ எடுத்தேன், அவ பேரு. மனசு ஒப்பல, போட்டுட்டேன். ரெண்டாந்தடவையும் அவதான். அதயும் போட்டேன். மூணாவதும் அவதான்னதும், ஆண்டவரே எறங்கி வந்து சொல்றாருன்னு நெனச்சேன்."

"பெறகு?" என்றார் அம்மா.

"பெறகு கொட்டகைக்குப் போயி சீட்ட வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். ஆண்டவரு இம்புட்டுக் கோணலா எழுத மாட்டாரு."

இனிகோ சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டீங்களாப்பா? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேற சீட்டு எழுதிருவேல்ல."

அந்த நேரம் பார்த்து நம் சேவல் கூவியது. விடிந்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது, அதற்கு அறிவே கிடையாது. அப்பா எழுந்து வெளியே போனார். வேதத்தில் அதற்கு அடுத்த வரி என்னவென்று உனக்குத் தெரியும், சிஸ்டர் அல்போன்சாவுக்கும் தெரியும். அதனால் நான் எழுதவில்லை.

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: "ஞாயித்துக்கெழம மொத பஸ் எத்தன மணிக்கு?"

எங்கள் யாருக்கும் இந்த வருசம் பரிசே கிடையாது. இனிகோதான் கொஞ்சம் முகத்தைத் தொங்கப் போட்டான். அவனுக்கு என் தலையணையைக் கொடுத்தேன். நீ மடத்தில் தலையணை இல்லாமல் தூங்கப் பழகியிருப்பாய்.

லிடியா


நொவிஷியேட்
3 ஜனவரி 2025

அன்பு லிடியா,

புது மாதம், புது வருடம். முதல் கடிதம் உனக்கு.

முகத்தைப் பார்த்தேன். நீ சொல்வதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். கேட்டுக்கு வெளியே சாக்கு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். காவல்காரர், "காய்கறி லோடா? பின்பக்கமா வாங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவும் பின்பக்கமாகவே வந்துவிட்டார். அம்மா வரவேற்பறையில் எனக்காகக் காத்திருக்க, நான் தோட்டத்தில் அவரைப் பார்த்தேன்.

முதலில், "கையக் காட்டு" என்றார். காட்டினேன். கொப்புளம் காய்த்துப்போயிருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் என் பாத்தியைப் பார்த்தார். "உப்பு மண்ணு. எரு பத்தாது" என்றார். மூட்டையைப் பிரித்தார்.

நான் அழவில்லை என்று எழுதினால் சிஸ்டர் அல்போன்சா இதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் அப்போது அங்கே வந்திருந்தார். அப்பா அவரிடம், "இது அவ மம்பட்டிங்கம்மா. வேற யாரு பிடிச்சாலும் பிடி சேராது" என்றார். சிஸ்டர், "இங்கே எல்லாமே பொதுதான், ஐயா" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா, "பொதுவாவே இருக்கட்டும். மொத வெட்டு மட்டும் அவ வெட்டட்டும்" என்றார்.

வெட்டினேன். மடத்து மம்பட்டியை அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புதுப் பாத்தி போட்டோம். நிறையப் பேசவில்லை. வாய்க்காலை எந்தப் பக்கம் திருப்புவது என்று மட்டும் ஒரு சின்னச் சண்டை. அவர் சொன்னதுதான் சரி. பார்க்கும் நேரம் முடிகிற வரைக்கும் எங்களைத் தேடி வந்த அம்மா வரப்பில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தார், "புள்ளயப் பாக்க வந்தீகளா, கூலிக்கு வந்தீகளா?" என்று.

போகும்போது, "வாரேன்த்தா ஐரினு" என்றார். பெயரைச் சொன்னார், லிடியா.

நார்த்தங்காய் இரண்டு வேளையில் தீர்ந்தது. வயதான சிஸ்டர்கள் இன்னும் கேட்கிறார்கள். இனிகோவின் பதினோராவது மணியில் உனக்காக வேண்டுகிறேன், போனஸ் உனக்குத்தான் பொருத்தம்.

நீ செய்தது தப்புதான். இன்னொரு முறை செய்யாதே. ஒருமுறை செய்ததற்கு நன்றி.

ஐரின்


சேவுகம்பட்டி
8 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதத்தை இந்த முறை எதையும் தாண்டாமல் வாசித்தேன். அப்பா கடலை உரித்தார். தொலி தொலிப் பக்கம், கடலை கடலைப் பக்கம்.

ஒரே ஒரு செய்திதான் சொல்ல இருக்கிறது. கொட்டகையில் அந்த ஆணி சும்மாதானே இருக்கிறது என்று என் பள்ளிக்கூடப் பையைக் கொண்டுபோய் மாட்டினேன். சாயங்காலம் பார்த்தால் என் பை வைக்கோல் மேல் கிடக்கிறது. மாடு ஒரு வாரை மென்றுகொண்டிருக்கிறது.

"ஏம்ப்பா? மம்பட்டியத்தான் குடுத்துட்டீங்களே, ஆணி காலியாத்தான கெடக்கு?" என்றேன்.

அப்பா தேங்காய் எண்ணெய்த் துணியால் அந்த ஆணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே சொன்னார்:

"மம்பட்டியத்தான் குடுத்தேன். அது ஐரின் ஆணி. நீ வேற ஆணி அடிச்சுக்க."

அடித்துக்கொண்டேன், பக்கத்திலேயே.

லிடியா